கிளை அலுவலக ரவுட்டரில் குரலும் காணொளியும் தடுமாறினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கிளை அலுவலகத்திலிருந்து "போனில் குரல் உடைகிறது" என்று புகார் வந்தவுடன் ரவுட்டரைத் திறந்து முன்னுரிமை விதிகளை (நெரிசலில் எந்தத் தரவு முதலில் செல்ல வேண்டும் என்று சொல்பவை; கியூஓஎஸ் எனப்படும்) திருத்த வேண்டாம். முதலில் மூன்று விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: குரல் யாருக்கு உடைந்து கேட்கிறது, எந்த நேரத்தில் உடைகிறது, அந்த நேரத்தில் ஒரே சமயத்தில் எத்தனை அழைப்புகள் நடக்கின்றன.

இவற்றில் முதல் விவரமே மிக முக்கியமானது. கிளையில் இருப்பவரின் பேச்சு எதிர்முனையில் உடைந்தால் சிக்கல் கிளையிலிருந்து வெளியே செல்லும் திசையில் இருக்கிறது; கிளையில் இருப்பவருக்கே உடைந்து கேட்டால் உள்ளே வரும் திசையில் இருக்கிறது. ஒரு ரவுட்டர் தான் அனுப்பும் பாக்கெட்டுகளைத்தான் (தரவுத் துண்டுகளைத்தான்) வரிசைப்படுத்த முடியும் என்பதால், திசையைக் கேட்காமல் செய்யும் திருத்தங்களில் பெரும்பகுதி தவறான பெட்டியில் செய்யப்பட்டு வீணாகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க இந்த அளவுகள் போதும்: ஒருவழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் (இது ஐடியு-டி ஜி.114 பரிந்துரையின் அளவு), ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிவிநாடிக்குள், பாக்கெட் இழப்பு 1 சதவீதத்துக்குள்.

அறிகுறி 1: அலுவலகம் பரபரப்பாக இருக்கும்போது மட்டும், எதிர்முனையில் இருப்பவருக்குக் குரல் உடைகிறது

அடிக்கடி வரும் புகார் இதுதான். கிளை ரவுட்டரிலேயே முழுமையாகத் தீர்க்கக்கூடியதும் இதுதான்.

*செலவில்லாத சோதனை.* பதிவேற்ற அலைவரிசையை யார் நிரப்புகிறார்கள் என்று பாருங்கள். மேகச் சேமிப்புக்கு நகலெடுக்கும் பேக்கப் மென்பொருளோ, கண்காணிப்புக் கேமராப் பதிவை வெளியே அனுப்பும் பெட்டியோ அலுவலக நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால், அதை இரவுக்கு மாற்றுவதே முதல் மருந்து. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த வாரம் வேறொருவர் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும்போது அதே புகார் திரும்ப வரும்.

*வரிசை எங்கே நிற்கிறது?* இணைப்பு ஓய்வாக இருக்கும்போது வெளியே உள்ள ஒரு முகவரிக்குப் பிங் செய்து தாமதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பெரிய கோப்பைப் பதிவேற்றியபடியே மீண்டும் அதே பிங்கைச் செய்யுங்கள். 20 மில்லிவிநாடியாக இருந்த தாமதம் 200, 300 என்று ஏறினால், எங்கோ ஒரு பெட்டியில் நீண்ட வரிசை நிற்கிறது என்று பொருள். அது நம் ரவுட்டரில் நிற்கிறதா, சேவை நிறுவனத்தின் மோடத்தில் நிற்கிறதா என்பதே அடுத்த கேள்வி.

இதற்கான விடை ரவுட்டரின் கவுன்ட்டரிலேயே இருக்கிறது. சிஸ்கோ ரவுட்டராக இருந்தால் "ஷோ பாலிசி-மேப் இன்டர்ஃபேஸ்" கட்டளையும், லினக்ஸ் அடிப்படையிலான ரவுட்டராக இருந்தால் "டிசி" கட்டளையின் புள்ளிவிவரமும் இதைக் காட்டும். பதிவேற்றம் முழு வேகத்தில் நடக்கும்போதும் வரிசையின் ஆழம் பூஜ்யமாகவும் கைவிடப்பட்ட பாக்கெட்டுகள் பூஜ்யமாகவும் இருந்தால், நம் ரவுட்டருக்கு நெரிசல் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒப்பந்த வேகம் 20 எம்பிபிஎஸ், ஆனால் மோடத்துடன் இணைந்துள்ள ஈதர்நெட் போர்ட்டின் வேகம் 1 ஜிபிபிஎஸ் என்றால், ரவுட்டர் எல்லாவற்றையும் உடனுக்குடன் தள்ளிவிடுகிறது. குரலும் கோப்பும் மோடத்தின் ஒரே வரிசையில் பின்னிப்போய் நிற்கின்றன. முன்னுரிமை விதிகள் எவ்வளவு சரியாக எழுதப்பட்டிருந்தாலும் இந்த நிலையில் அவற்றுக்கு வேலையே இல்லை.

*திருத்தம்.* வெளிச்செல்லும் போர்ட்டில், அளந்து பார்த்த பதிவேற்ற வேகத்தின் 90 முதல் 95 சதவீதத்துக்கு ஒரு ஷேப்பரை (அனுப்பும் வேகத்தை வரம்புக்குள் நிறுத்தும் அமைப்பை) வைத்து, அதன் உள்ளே முன்னுரிமை வகுப்புகளை (குரல், காணொளி, மற்றவை எனப் பிரித்த வரிசைகளை) அமையுங்கள். ஒப்பந்தத்தில் எழுதியுள்ள வேகத்தை நம்பாமல், பரபரப்பான நேரத்தில் நீங்களே அளந்த வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேப்பரின் பர்ஸ்ட் அளவை, அதாவது ஒரே மூச்சில் அனுப்பக்கூடிய தரவின் அளவை, கேட்கும் ரவுட்டர்களில் அதை ஏறத்தாழ 10 மில்லிவிநாடிக்கு உரியதாக வைக்க வேண்டும். 18 எம்பிபிஎஸ் ஷேப்பருக்கு அது 1,80,000 பிட். இதைப் பெரிதாக விட்டுவிட்டால் ரவுட்டர் ஒரு கொத்தை மொத்தமாக அனுப்பிவிட்டு நெடுநேரம் காத்திருக்கும். அந்த இடைவெளியில் சிக்கும் குரல் பாக்கெட்டுகளுக்கு ஜிட்டர் ஏறும்.

சில அழைப்புகள் மட்டுமே நடக்கும் சிறிய கிளைக்கு வகுப்புகளை எழுதிப் பராமரிப்பதைவிட, ஓபன்டபிள்யூஆர்டி போன்ற மென்பொருள் ஓடும் ரவுட்டரில் எஸ்க்யூஎம் வசதியை (வரிசைகளைத் தானே நிர்வகிப்பது) இயக்கி வேகத்தை மட்டும் சரியாகக் கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. பாக்கெட்டின் வகையைக் குறிக்கும் அடையாளமிடுதல் எங்கேனும் தவறிப்போனாலும், ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை கிடைப்பதால், கோப்புப் பதிவேற்றம் குரலை விழுங்குவதில்லை.

*ஷேப்பர் இருந்தும் உடைந்தால்.* குரல் பாக்கெட்டுகள் குரல் வகுப்புக்குள் வந்து சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குரலுக்கு வழக்கமாக இடப்படும் டிஎஸ்சிபி அடையாளம் (பாக்கெட்டின் தலைப்பில் அதன் வகையைக் குறிக்கும் எண்) இஎஃப், அதாவது 46. இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அழைப்பு எதுவும் நடக்காத நேரத்தில், தொலைபேசி இணைந்திருக்கும் அதே சுவிட்ச் போர்ட்டில் ஒரு லினக்ஸ் மடிக்கணினியை இணைத்து, பிங் கட்டளையில் டிஓஎஸ் மதிப்பை 184 என்று கொடுத்து, சரியாக 100 பாக்கெட்டுகளை வெளியே உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். டிஎஸ்சிபி எண் அடங்கிய டிஓஎஸ் பைட்டில் 184 என்பது டிஎஸ்சிபி 46தான். ரவுட்டரில் குரல் வகுப்பின் கவுன்ட்டர் 100 கூடியிருந்தால் அடையாளம் பத்திரமாக வந்து சேர்கிறது. அந்த 100 இயல்பு வகுப்பில் போய் விழுந்திருந்தால், வழியில் ஏதோ ஒரு சுவிட்ச் அடையாளத்தை அழித்துவிட்டது. பழைய கேட்டலிஸ்ட் 2960, 3560, 3750 வகை சுவிட்ச்களில் கியூஓஎஸ்ஸை மட்டும் இயக்கி, போர்ட்டை நம்பும்படி அமைக்காவிட்டால், உள்ளே வரும் அடையாளம் பூஜ்யமாகிவிடும். ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: வகுப்பின் விதி டிஎஸ்சிபியைப் பார்க்காமல் யுடிபி போர்ட் எண்ணை (செயலிகளைப் பிரித்தறியும் எண்; யுடிபி என்பது தொலைந்ததை மீண்டும் அனுப்பாத முறை) பார்ப்பதாக இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது.

*எப்போது அழைப்பது?* ஷேப்பரை அளந்த வேகத்தின் 80 சதவீதம் வரை இறக்கியும் பதிவேற்றத்தின்போது பிங் தாமதம் ஏறினால், இணைப்பின் வேகமே நிலையாக இல்லை. அந்த அளவீடுகளோடு சேவை நிறுவனத்தை அழையுங்கள்.

அறிகுறி 2: பரபரப்பான நேரத்தில் கிளையில் இருப்பவருக்கே குரல் உடைந்து கேட்கிறது

இங்கே வரிசை நிற்பது சேவை நிறுவனத்தின் பக்கத்தில். பாக்கெட் நம்மை வந்தடையும்போது தாமதமும் இழப்பும் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டன. பொது இணையத்தில் நாம் இடும் டிஎஸ்சிபி அடையாளத்தை வழியில் உள்ளவர்கள் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

ஆனாலும் கையில் ஒரு வழி இருக்கிறது. பதிவிறக்க வேகத்தின் 85 முதல் 90 சதவீதத்தில், உள்வரும் திசைக்கும் ஒரு ஷேப்பரை வையுங்கள். நம் ரவுட்டர் சில பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தியோ கைவிட்டோ விடும்போது டிசிபி (தொலைந்ததை மீண்டும் அனுப்பும் முறை) அனுப்புநர்கள் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் சேவை நிறுவனத்தின் பக்கத்தில் நிற்கும் வரிசை சுருங்குகிறது. வெளிச்செல்லும் திசையில் கிடைக்கும் அளவுக்குத் துல்லியமான கட்டுப்பாடு இதில் கிடைக்காது, ஆனால் மென்பொருள் புதுப்பிப்புகள் ஒரே நேரத்தில் இறங்கும் காலை வேளைகளில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

தலைமை அலுவலகத்துடன் எம்பிஎல்எஸ் இணைப்பு (சேவை நிறுவனம் தரும் தனி வலையமைப்பு) இருந்தால் நிலைமை வேறு. அங்கே கிளையை நோக்கிய திசையில் வகுப்புகளை அமைக்கச் சேவை நிறுவனத்தால் முடியும், ஆனால் ஒப்பந்தத்தில் அது கேட்டு வாங்கப்பட்டிருக்க வேண்டும். எந்த டிஎஸ்சிபி மதிப்பை எந்த வகுப்பாக அவர்கள் ஏற்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நாம் 46 அனுப்ப, அவர்கள் வேறொரு மதிப்பை எதிர்பார்த்து நம் குரலை இயல்பு வகுப்பில் போட்டிருப்பது அரிய நிகழ்வு அல்ல.

அறிகுறி 3: குறிப்பிட்ட எண்ணிக்கை வரை அழைப்புகள் நன்றாக இருக்கின்றன, ஒன்று கூடியதும் எல்லா அழைப்புகளும் உடைகின்றன

இந்த அறிகுறி தோன்றினால் முன்னுரிமை வகுப்பின் உச்சவரம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்னுரிமை வரிசை மற்ற எல்லாவற்றையும் பட்டினி போட்டுவிடாமல் இருக்க, ரவுட்டர் அதற்கு ஒரு வரம்பு வைத்து, மீறும் பாக்கெட்டுகளைக் கைவிடுகிறது. எந்தப் பாக்கெட் எந்த அழைப்பைச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே கடைசியாகச் சேர்ந்த அழைப்பு மட்டும் உடைவதில்லை. எல்லாருடைய பேச்சிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு விழுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜி.711 கோடெக்கில் (குரலை எண்வடிவத் தரவாக மாற்றும் முறையில்) 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் என்ற வழக்கமான அமைப்பில், 160 பைட் குரலுடன் 40 பைட் தலைப்பும் சேர்ந்து 200 பைட் ஆகிறது. விநாடிக்கு 50 பாக்கெட்டுகள் என்றால் 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் தலைப்பையும் சேர்த்தால் 87.2 கேபிபிஎஸ். வரம்பு 1 எம்பிபிஎஸ் என்றால் 11 அழைப்புகளுக்கு 959 கேபிபிஎஸ் ஆகிறது, பொருந்துகிறது. 12ஆவது அழைப்பு சேர்ந்ததும் 1,046 ஆகிறது, பன்னிரண்டும் உடைகின்றன. "கோடெக் 64 கேபிபிஎஸ்தானே" என்று தலைப்புகளை விட்டுக் கணக்கிட்டவர்கள் 15 அழைப்புகள் தாங்கும் என்று நம்பியிருப்பார்கள்.

வரம்பை உயர்த்துவதற்கு முன் இன்னொன்றையும் பாருங்கள். குரல் வகுப்பின் பைட் எண்ணிக்கையைப் பாக்கெட் எண்ணிக்கையால் வகுத்தால், ஜி.711 மட்டும் ஓடும் வகுப்பில் சராசரி 200 முதல் 220 வரை வர வேண்டும். 800, 900 என்று வந்தால் குரல் அல்லாத ஏதோ ஒன்று இஎஃப் அடையாளத்துடன் உள்ளே புகுந்திருக்கிறது. பெரும்பாலும் அது காணொளியாக இருக்கும், அல்லது எல்லாவற்றுக்கும் 46 இடும் ஏதேனும் ஒரு கருவியாக இருக்கும். அப்போது வரம்பை உயர்த்துவது தவறான மருந்து. புகுந்தது எதுவென்று கண்டுபிடித்து வெளியேற்றுவதே சரி.

உண்மையிலேயே அழைப்புகள்தான் கூடியிருக்கின்றன என்றால், முன்னுரிமை வகுப்பு மொத்த அலைவரிசையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதவரை வரம்பை உயர்த்தலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிபிஎக்ஸில் (அலுவலகத் தொலைபேசி இணைப்பகத்தில்) ஒரே நேர அழைப்புகளுக்கு உச்ச எண்ணிக்கையை விதியுங்கள். 12ஆவது நபருக்கு "லைன் பிஸி" என்று கேட்பது, பன்னிரண்டு பேரின் பேச்சும் சிதைவதைவிட மேலானது. ஜி.729 கோடெக்குக்கு மாறினால் ஓர் அழைப்புக்கு, ஈதர்நெட் தலைப்பு இல்லாமல், 24 கேபிபிஎஸ் போதும். குரலின் தரம் சற்றுக் குறையும். கடைசி வழி, இணைப்பின் வேகத்தை விலை கொடுத்து உயர்த்துவது.

அறிகுறி 4: இணைப்பு ஓய்வாக இருக்கும்போதும் குரல் உடைகிறது

நெரிசலே இல்லாத இடத்தில் முன்னுரிமையால் பயன் இல்லை, விதிகளைத் தொடாதீர்கள். முதலில் கம்பிவட ஹெட்செட்டும் கம்பிவட இணைப்பும் வைத்து ஓர் அழைப்பு செய்து பாருங்கள்.

கம்பிவடத்தில் சரியாகிவிட்டால் வைஃபைதான் காரணம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் உண்டு. டிஎஸ்சிபி 46ஐ இரும எண்ணாக எழுதினால் அதன் முதல் மூன்று பிட்டுகளின் மதிப்பு 5. அந்த மதிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும் அக்சஸ் பாயின்ட் குரலை வைஃபையின் காணொளி வகுப்பில் போட்டுவிடும். 2018இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8325, இஎஃப் அடையாளத்தை 6ஆம் மதிப்புக்கு, அதாவது குரல் வகுப்புக்கு, மாற்ற வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. உங்கள் அக்சஸ் பாயின்ட்டில் இந்த மாற்று அட்டவணையைத் திருத்தும் வசதி இருந்தால் சரிபாருங்கள்.

கம்பிவடத்திலும் உடைந்தால், ரவுட்டர் மற்றும் சுவிட்ச் போர்ட்டுகளின் பிழைக் கவுன்ட்டர்களைப் பாருங்கள். சிஆர்சி பிழைகள் (தரவு சிதைந்து வந்ததைக் காட்டுபவை) ஏறிக்கொண்டிருந்தால் கேபிளை மாற்றுங்கள். லேட் கொலிஷன் ஏறினால், ஒரு முனை ஃபுல் டியூப்ளெக்ஸிலும் (ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும்) மறுமுனை ஹாஃப் டியூப்ளெக்ஸிலும் (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) நிற்கிறது. இரு முனைகளையும் ஆட்டோவில் வைப்பதே பாதுகாப்பானது. போர்ட்டுகள் சுத்தமாக இருந்தும் வெளி முகவரிக்குச் செல்லும் பிங் பாக்கெட்டுகள் தொலைந்தால், அது சேவை நிறுவனத்தின் கம்பியில் உள்ள கோளாறு.

அறிகுறி 5: குரல் நன்றாக இருக்கிறது, காணொளி உறைகிறது அல்லது மங்குகிறது

முதலில் பார்க்க வேண்டியது ஃபயர்வால். காணொளிச் செயலிக்கு யுடிபி வழி அடைபட்டிருந்தால் அது டிசிபி 443க்குத் தாவிவிடும். கூட்டம் நடக்கும், ஆனால் ஒரு பாக்கெட் தொலைந்தாலே படம் நின்று நின்று வரும், முன்னுரிமை விதியும் அதை அடையாளம் காணாது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு வெளியே திறந்திருக்க வேண்டியவை யுடிபி 3478 முதல் 3481 வரை.

அடுத்து, காணொளி எந்த வகுப்பில் விழுகிறது என்று பாருங்கள். டீம்ஸின் மேலாண்மைப் பக்கத்தில் போர்ட் வரம்பை இயக்கினால், கணினியிலிருந்து கிளம்பும் குரல் 50000–50019, காணொளி 50020–50039, திரைப் பகிர்வு 50040–50059 என்ற மூலப் போர்ட்டுகளைப் பயன்படுத்தும். அவற்றுக்கு முறையே 46, 34, 18 என்ற டிஎஸ்சிபி மதிப்புகளை இடலாம். இந்த எண்களை வெளிச்செல்லும் போர்ட்டில் தேடினால் நேட் மாற்றத்துக்குப் பிறகு (உள் முகவரியும் போர்ட் எண்ணும் வெளிமுகவரிக்கு மாறிய பிறகு) அவை மாறிப்போயிருக்கலாம். எனவே உள்ளகப் போர்ட்டில், பாக்கெட் உள்ளே நுழையும்போதே அடையாளம் இட்டுவிடுங்கள்.

காணொளியையும் குரலின் முன்னுரிமை வகுப்பிலேயே சேர்த்துவிடும் யோசனையைக் கைவிடுமாறு வற்புறுத்துகிறேன். காட்சி மாறும்போதும் புதியவர் கூட்டத்தில் சேரும்போதும் காணொளி பெரிய பாக்கெட்டுகளைக் கொத்தாகத் தள்ளும். அந்தக் கொத்து வரம்பை இடித்துத் தானும் உடைந்து, அருகில் உள்ள குரலையும் உடைக்கும். காணொளிக்கு ஏஎஃப்41 (டிஎஸ்சிபி 34) அடையாளத்துடன் குறைந்தபட்ச அலைவரிசை உறுதியளிக்கப்பட்ட தனி வகுப்பே ஏற்றது. அந்த வகுப்பில் இழப்பு தொடர்ந்தால், செயலியில் தெளிவுத்திறனை 720க்குக் குறைத்துப் பாருங்கள். அதன் பிறகே கூடுதல் வேகம் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

அறிகுறி 6: விபிஎன் வழியே செல்லும்போது மட்டும் தடுமாறுகிறது

*குரல் உடைந்தால்:* குறியாக்கம் முடிந்த பிறகு ரவுட்டருக்கு யுடிபி போர்ட் எண்கள் தெரியாது. ஐபிசெக் (விபிஎன்னின் குறியாக்க முறை) இயல்பாகவே உள் பாக்கெட்டின் டிஓஎஸ் பைட்டை வெளித் தலைப்புக்கு நகலெடுக்கும் என்பதால், விதிகளைப் போர்ட் எண்ணிலிருந்து டிஎஸ்சிபிக்கு மாற்றுவது எளிய தீர்வு. அலைவரிசைக் கணக்கையும் திருத்துங்கள். 60 பைட் அளவுள்ள ஜி.729 பாக்கெட் ஐபிசெக் உறைக்குள் ஏறத்தாழ இருமடங்காகிறது.

*குரல் நன்றாக இருந்து, முன்னுரிமையை இயக்கிய பிறகு காணொளியும் கோப்புப் பரிமாற்றமும் கெட்டுவிட்டால்:* இது குழப்பமான கோளாறு. நல்ல பொறியாளர்களையும் வெகுநேரம் அலைய வைக்கிறது. ஐபிசெக் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் இட்ட பிறகுதான் அது வெளிப்போர்ட்டின் வரிசைக்குப் போகிறது. அங்கே காணொளிப் பாக்கெட் ஒன்று காத்திருக்க, அதற்குப் பின் எண் பெற்ற குரல் பாக்கெட்டுகள் முந்திச் செல்கின்றன. பழைய பாக்கெட்டை மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க மறுமுனையில் உள்ள ரீப்ளே தடுப்புச் சாளரம் சிஸ்கோ ரவுட்டர்களில் இயல்பாக 64 பாக்கெட் அகலம். அதைவிடப் பின்தங்கி வரும் பாக்கெட்டைத் தாக்குதல் என்று கருதி அது தூக்கி எறிந்துவிடும். தலைமை அலுவலக ரவுட்டரின் ஐபிசெக் புள்ளிவிவரத்தில் "ரீப்ளே" கவுன்ட்டர் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் சாளரத்தை 1024 ஆக்குங்கள். தடுப்பையே அணைத்துவிடுவது பாதுகாப்பைப் பலவீனமாக்கும் என்பதால் அதைச் செய்யாதீர்கள். தலைமை அலுவலக ரவுட்டரில் மாற்றம் செய்ய வேண்டியிருப்பதால், அதைப் பராமரிக்கும் பொறியாளரை இந்த இடத்தில் அழைத்துவிடுவதே முறை.

அறிகுறி 7: ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது குறிப்பிட்ட நேரத்தில் அழைப்பு துண்டிக்கப்படுகிறது

இது முன்னுரிமைக் கோளாறு அல்ல. ஒருபக்கக் குரலுக்கு ரவுட்டரில் உள்ள எஸ்ஐபி ஏஎல்ஜி வசதியை (அழைப்புச் செய்திகளை இடையில் திருத்துவது) அணைத்துப் பாருங்கள். 32ஆவது விநாடியில் துண்டிக்கப்பட்டால் அழைப்பை உறுதிசெய்யும் ஏசிகே செய்தி எதிர்முனையை அடையவில்லை. 15 நிமிடத்தில் துண்டிக்கப்பட்டால், 1,800 விநாடி அமர்வின் பாதியில் வரும் புதுப்பிப்புச் செய்தி ஃபயர்வாலில் சிக்குகிறது. இரண்டையும் தொலைபேசிச் சேவை அளிப்பவரோடு சேர்ந்து பாருங்கள்.

அறிகுறி 8: முன்னுரிமையை அமைத்த பிறகு மொத்த இணைய வேகமே குறைந்துவிட்டது

ஷேப்பரின் அலகைச் சரிபாருங்கள்; கேபிபிஎஸ் கேட்கும் இடத்தில் பிபிஎஸ் மதிப்பும், மறுதலையாகவும், எழுதப்படுவதுண்டு. இணைப்பின் வேகம் உயர்த்தப்பட்ட பிறகு பழைய ஷேப்பர் எண் அப்படியே கிடப்பதும் வழக்கம். எண் சரியென்றால், வேகச் சோதனையின்போது ரவுட்டரின் சிபியூவைப் பாருங்கள். சிறிய ரவுட்டர்களில் கியூஓஎஸ்ஸை இயக்கினால் வன்பொருள் வழிக் குறுக்குப்பாதை அணைந்து, எல்லாம் சிபியூ வழியே போகத் தொடங்கும். சிபியூ 100 சதவீதத்தைத் தொட்டால் வலிமையான ரவுட்டர் வாங்குவதைத் தவிர வழியில்லை. இதன் எதிர்ப்பக்கமும் உண்டு: மைக்ரோடிக் ரவுட்டர்களில் ஃபாஸ்ட்ட்ராக் விதி (குறுக்குப்பாதை) இருந்தால், அதன் வழியே செல்லும் இணைப்புகள் வேகத்தையும் முன்னுரிமையையும் கட்டுப்படுத்தும் சிம்பிள் கியூவைத் தொடுவதே இல்லை. வேகம் குறையாது, முன்னுரிமையும் வேலை செய்யாது.

அறிகுறி 9: காப்பு இணைப்புக்கு மாறியதும் குரல் உடைகிறது

முன்னுரிமைக் கொள்கை முதன்மைப் போர்ட்டில் மட்டும் இணைக்கப்பட்டிருக்கும். காப்புப் போர்ட்டிலும் இணையுங்கள். காப்பாக இருக்கும் எல்டிஇ (கைபேசி வலையமைப்பு) இணைப்பின் வேகம் நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால், நீங்கள் அளந்தவற்றில் மிகக் குறைந்த வேகத்தை ஒட்டி ஷேப்பரை வைத்து, காப்பு நிலையில் இருக்கும்வரை பேக்கப்பையும் மென்பொருள் புதுப்பிப்புகளையும் தடுத்துவிடுங்கள். அமைத்த அன்றே, அலுவலக நேரத்துக்கு வெளியே, முதன்மைக் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓர் அழைப்பையும் ஒரு பதிவேற்றத்தையும் சேர்த்துச் செய்து கவுன்ட்டர்களைப் பாருங்கள்.

வெளியாரை அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

"குரல் உடைகிறது" என்று மட்டும் சொன்னால் வேகச் சோதனை செய்து "எல்லாம் சரி" என்று பதில் வரும். உடைந்த அழைப்பின் நேரமும் திசையும், ஓய்விலும் பதிவேற்றத்தின்போதும் எடுத்த பிங் அளவீடுகள், அந்த நேரத்து வகுப்புக் கவுன்ட்டர்கள், போர்ட் பிழைகள் பூஜ்யம் என்பதற்கான பதிவு ஆகியவற்றை அனுப்புங்கள். முடிந்தால் ரவுட்டரின் வெளிப்போர்ட்டில் ஒரு நிமிடப் பாக்கெட் பதிவையும் இணையுங்கள். ஆர்டிபி (குரலைச் சுமக்கும் பாக்கெட்டுகளின்) வரிசை எண்கள் நம் போர்ட்டைவிட்டு இடைவெளியின்றிக் கிளம்பி, மறுமுனையில் இடைவெளியுடன் சேர்கின்றன என்று காட்டிவிட்டால், இழப்பு எந்தப் பகுதியில் நடக்கிறது என்பதைப் பற்றி மேலும் வாதிட வேண்டியிருக்காது.